காதணி விழா டிவிடிக்கு எந்த நகல் முறை: ஃபைலா, ஐஎஃப்ஓவா, ஐஎஸ்ஓவா?

2000-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் எத்தனையோ விசேஷங்கள் நடந்தன. கல்யாணம், காதணி விழா, குலதெய்வக் கோயில் பொங்கல், விடிய விடிய நடந்த வள்ளி திருமண நாடகம் என்று அவற்றில் பலவற்றுக்கும் மிஞ்சியிருக்கும் ஒரே பதிவு பீரோவில் கிடக்கும் டிவிடி தகடுதான். வீடியோக்காரரிடம் கேட்டால் மூல கேசட் பெரும்பாலும் இருக்காது. அதே கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தை எடுத்திருப்பார், அல்லது ஸ்டூடியோவை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார். அந்தத் தகட்டை எந்த முறையில் கணினிக்கு மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முழு விழாவும் மிஞ்சுமா, தாலி கட்டும் காட்சி மட்டும் மிஞ்சுமா என்பது இருக்கிறது.

அவசரம் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் படத் தகடு தொழிற்சாலையில் அச்சடித்தது. அதன் தகவல் பள்ளங்களாகவே பதிந்திருக்கும். விழாத் தகடு அப்படியல்ல. அதற்குள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று உண்டு. எழுதும்போது லேசர் கதிர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. அந்தச் சாயத்துக்கு வெயில், சூடு, ஈரம் மூன்றுமே பகை. கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் ஊர் நம்முடையது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், டிவி ஸ்டாண்டின் மேல் உறையில்லாமல் கிடக்கும் தகடு படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மணமக்கள் படம் அச்சிட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்: பசை காயக் காயத் தகட்டை இழுத்து வளைக்கும். தகவல் உட்புறத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. விளிம்புதான் கைபடும் இடம், பிழைகள் அதிகம் சேரும் இடமும் அதுவே. அதனால் முதலில் திக்கித் திணறுவது பெரும்பாலும் விழாவின் கடைசிப் பகுதியாக இருக்கும்: பந்தி, மொய், வழியனுப்பு.

தகட்டுக்குள் என்ன இருக்கிறது

மூன்று முறைகளையும் ஒப்பிட இதைத் தெரிந்துகொண்டால் போதும். விழா டிவிடியைக் கணினியில் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்றொரு கோப்புறை தெரியும். அதற்குள் மூன்று வகைக் கோப்புகள். விஓபி என்பவற்றில் படமும் ஒலியும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி என்று வெட்டப்பட்டிருக்கும். ஐஎஃப்ஓ என்பவை எந்தத் துண்டுக்குப் பின் எது ஓட வேண்டும், எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது, மெனுவில் எந்தப் பொத்தான் எங்கே போகிறது என்பதைச் சொல்லும் சிறு கோப்புகள். பியூபி என்பவை அவற்றின் மாற்றுப் பிரதிகள். ஐஎஃப்ஓ சிதைந்தால் பிளேயர் பியூபியைப் படிக்கும்.

ஒற்றை அடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்குக்கு 8.5 ஜிபி. விழாத் தகடுகளில் ஏறக்குறைய எல்லாமே ஒற்றை அடுக்கு. படம் எம்பெக்-2 வடிவில், 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறையில் இருக்கும்.

ஃபைல், ஐஎஃப்ஓ, ஐஎஸ்ஓ என்று நகல் முறைகளை மூன்றாகப் பிரித்துப் பலருக்கும் பழக்கியது டிவிடி டிக்ரிப்டர் என்ற மென்பொருள். 2005-லேயே அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதை எழுதியவரே செய்த இம்ஜ்பர்ன், இன்று பலரும் பயன்படுத்தும் மேக்எம்கேவி, ஹேண்ட்பிரேக் என எதை எடுத்தாலும் இந்த மூன்று வழிகளில் ஒன்றோ, நான்காவதாகச் சுருக்கி மாற்றும் வழியோதான் அதற்குள் இருக்கும்.

என் தீர்ப்பை இப்போதே சொல்கிறேன். திரும்ப வாங்க முடியாத குடும்பத் தகடு என்றால் முதலில் ஐஎஸ்ஓ, அதாவது தகடு முழுவதையும் ஒரே கோப்பாக எடுக்கும் நகல். மற்ற எல்லாவற்றையும் அந்த ஐஎஸ்ஓவிலிருந்து பிறகு, நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஃபைல் முறை

கோப்புறையை அப்படியே இழுத்து ஹார்டு டிஸ்க்கில் போடுவது இது. விழாத் தகட்டில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது என்பதால் தனி மென்பொருள்கூட வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள தகடு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மெனு, அத்தியாயம், புகைப்பட ஆல்பம் எல்லாம் வரும். விஎல்சி பிளேயரில் கோப்புறையைத் திறந்தால் தகட்டைப் போலவே ஓடும். துண்டுகள் 1 ஜிபிக்குள் இருப்பதால் பழைய பென் டிரைவிலும் ஏறும்.

குறை எங்கே தெரியும் என்றால், தகட்டில் கீறல் இருக்கும்போது. நகலெடுக்கும் கணினி படிக்க முடியாத இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கோப்பு முழுவதும் கிடைக்காமல் போகும். வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் பதிவான படத்தில் 1 ஜிபி துண்டு என்பது ஏறக்குறைய அரை மணி நேரக் காட்சி. நகத்தளவு கீறலுக்காகத் தாய்மாமன் சீர் ஊர்வலம் முழுவதையும் இழப்பது நியாயமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்புறையாக வைத்திருப்பதைப் பிற்காலத்தில் யாராவது ‘ஒழுங்குபடுத்துவார்கள்’. சிறியதாக இருக்கிறதே என்று ஐஎஃப்ஓ கோப்புகளை அழிப்பார்கள், பெயர் புரியவில்லையே என்று விஓபிகளுக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். பெயர் மாறினால் தொடர்பு அறுந்துபோகும். ஒரே கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓவுக்கு இந்த ஆபத்து இல்லை.

ஐஎஃப்ஓ முறையும் எம்கேவியும்

ஐஎஃப்ஓ முறையில் மென்பொருள் அந்தச் சிறு கோப்பைப் படித்து, தகட்டில் எத்தனை நிகழ்ச்சித் தொடர்கள் இருக்கின்றன என்று பட்டியல் காட்டும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வணிகப் படத் தகடுகளில் விளம்பரத்தையும் முன்னோட்டத்தையும் தள்ளிவிட்டுப் படத்தை மட்டும் எடுக்க இது பொருத்தமான வழி. இன்று இதே வேலையை மேக்எம்கேவி இன்னும் ஒழுங்காகச் செய்கிறது: தேர்ந்தெடுத்த தொடரை, படத்தின் தரத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், ஒரே எம்கேவி கோப்பாக மாற்றித் தருகிறது. அத்தியாயங்கள் இருக்கும், மெனு போய்விடும்.

விழாத் தகட்டுக்கு இதை முதல் நகலாக நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், நம் வீடியோக்காரர்கள் தகட்டை அமைத்த விதம். முதல் நாள் மாலை நலங்கு ஒரு தொடர், முகூர்த்தம் ஒரு தொடர், புகைப்படங்களைப் பாட்டோடு ஓடவிட்ட ஆல்பம் ஒரு தொடர் என்று பிரித்திருப்பார்கள். மென்பொருள் மிக நீளமானதை ‘முக்கியமானது’ என்று காட்டும். அவசரத்தில் அதை மட்டும் எடுப்போம். சில தகடுகளில் ஆல்பத் தொடர் மூன்று நான்கு நிமிடம்தான் இருக்கும். குறைந்தபட்ச நீளம் என்று மென்பொருளில் ஓர் அளவு வைத்திருந்தால் அதைவிடச் சிறிய தொடர் பட்டியலிலேயே வராது. அந்த ஆல்பத்தில்தான், வீடியோவில் முகம் காட்ட மறுத்த அப்பத்தா ஒரு மூலையில் நிற்பார்.

மெனுவும் தூக்கிப் போடத்தக்கதல்ல. மணமக்கள் பெயர், நாள், மண்டபத்தின் பெயர் மூன்றும் பல தகடுகளில் மெனுவில் மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.

நாடகத் தகடுகளுக்கு மட்டும் என் கருத்து சற்று மாறும். இரவு முழுக்க நடந்த நாடகத்தை மூன்று நான்கு தகடுகளில் போட்டிருப்பார்கள். மெனுவே இருக்காது, ஒவ்வொன்றிலும் ஒரே தொடர்தான். அங்கே எம்கேவி எடுத்தால் இழப்பு குறைவு. வள்ளி, நாரதர் தர்க்கத்தைத் தேடிப் பார்க்கவும் வசதி. அப்போதும் ஐஎஸ்ஓ ஒன்றை எடுத்துவிட்டு அதிலிருந்து எம்கேவி செய்வதையே விரும்புவேன். மேக்எம்கேவி ஐஎஸ்ஓவை நேரடியாகவே திறக்கும்.

ஐஎஸ்ஓ முறை

தகட்டில் உள்ளதை முதல் பிரிவு முதல் கடைசிப் பிரிவு வரை வரிசை மாறாமல் படித்து ஒரே கோப்பாக எழுதுவது இது. டிவிடியில் ஒரு பிரிவு என்பது 2048 பைட். கோப்புப் பெயர், மெனு, தொடர் என்று எதையும் இந்த முறை பார்ப்பதில்லை. வரிசையாக அள்ளிக்கொண்டே போகிறது. அதனால் எதையும் விடுவதில்லை. திரும்ப ஒரு தகட்டில் எழுதினால் பழைய பிளேயரிலும் அது அதே தகடாகவே ஓடும். விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஐஎஸ்ஓவை இருமுறை சொடுக்கினால் தகடு போட்டது போலத் திறக்கும். விஎல்சியும் நேரடியாக ஓட்டும்.

இடம் அதிகம் பிடிக்கிறதே என்பதுதான் வழக்கமான ஆட்சேபம். 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் முழுதாக நிரம்பிய டிவிடிகள் 200 வரை அடங்கும். ஒரு பங்காளி வகையறா முழுவதின் விசேஷங்களும் அதற்குள் வந்துவிடும்.

இந்த முறையின் உண்மையான பலம் கெட்டுப்போன தகட்டில்தான் தெரிகிறது. டிவிடியில் பிழைதிருத்தம் 16 பிரிவுகள் கொண்ட கட்டங்களாக நடக்கிறது. அதாவது 32 கிலோபைட். ஒரு கட்டம் படிக்க முடியாமல் போனால் இழப்பது அவ்வளவுதான். அந்த இடத்தில் படம் அரை வினாடி கட்டம் கட்டமாகச் சிதறும், பிறகு சரியாகிவிடும். ஃபைல் முறையில் அரை மணி நேரம், இங்கே அரை வினாடி.

கெட்ட தகட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவது, அதன் ஒரு வகையான உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டுக் கணினியைத் தொடங்கினாலும் போதும். கெட்ட இடம் வந்ததும் இது அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிப் போய், நல்ல பகுதி முழுவதையும் முதலில் பத்திரப்படுத்தும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களைச் சிறிது சிறிதாக முயன்று பார்க்கும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனியே ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். கணினியை அணைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். வேறு டிரைவில் தகட்டைப் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் திணறிய தகடு, பழைய மேசைக் கணினியின் டிரைவில் சரளமாக ஓடக் கண்டிருக்கிறேன்.

நம் வழக்கத்துக்கு மிகவும் பொருந்தும் ஒரு வசதியும் இதில் உண்டு. கல்யாண வீடியோ ஒரு பிரதியாக வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, வெளியூரில் உள்ள அத்தைக்கு ஒன்று என்று ஒரே மூலத்திலிருந்து எழுதித் தருவார்கள். இரண்டு வீட்டுத் தகடுகளும் கெட்டிருந்தாலும், இரண்டிலும் ஒரே இடத்தில் கெட்டிருக்கும் வாய்ப்பு குறைவு. முதல் தகட்டை டிடிரெஸ்க்யூவில் ஓட்டி முடித்தபின், அதே ஐஎஸ்ஓவையும் அதே வரைபடக் கோப்பையும் வைத்துச் சம்பந்தி வீட்டுத் தகட்டை ஓட்டினால், விடுபட்ட இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து நிரப்பிக்கொள்ளும். ஒரு நிபந்தனை: இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். தகடுகளின் மொத்த அளவு பைட் கணக்கில் ஒன்றாக இல்லையென்றால் கலக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனி ஐஎஸ்ஓவாகவே எடுக்க வேண்டும். அளவு ஒன்றாக இருந்தாலும், கலப்பதற்கு முன் முதல் ஐஎஸ்ஓவுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. உறவில் மனத்தாங்கல் இருந்தாலும் இதற்காகச் சம்பந்தி வீட்டில் கேட்டு வாங்கலாம். அவர்களுக்கும் முழுமையான நகல் ஒன்று கிடைக்கிறது.

படிக்கவைப்பதற்கு முன் மென்மையான பருத்தித் துணியால் தகட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் தகவல் எழுதப்பட்ட திசையிலேயே கீறல் விழும். பிழைதிருத்தத்துக்கு அதுதான் மிகக் கடினம். பற்பசை தேய்ப்பதைப் பலர் வைத்தியமாகச் சொல்கிறார்கள். வேறு நகலே இல்லாத தகட்டில் அதைச் செய்யாதீர்கள். ஸ்டிக்கர் உரியத் தொடங்கியிருந்தால் பிய்க்காமல், அப்படியே மெதுவான வேகத்தில் படிக்கவையுங்கள்.

விசிடி வேறு கதை

2000-களின் முதல் சில ஆண்டுகளில் நடந்த விழாக்கள் பல டிவிடியில் இல்லை, விசிடியில் இருக்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று தகடுகள். பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் உள்ளே எம்பெக்-1 வடிவம், 352க்கு 288 புள்ளிகள். படம் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறையில் டேட் கோப்பாகத் தெரியும்.

இதற்கு ஐஎஸ்ஓ எடுக்காதீர்கள். ஐஎஸ்ஓ ஒரு பிரிவுக்கு 2048 பைட் என்று வைத்துக்கொள்கிறது. விசிடியில் படம் இருக்கும் பிரிவில் அதைவிட அதிகம், 2324 பைட் படத் தகவல் இருக்கிறது. பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் படத்துக்கே கொடுத்து அமைத்த வடிவம் அது. இதற்கு ‘பின்’ (BIN), ‘கியூ’ (CUE) என்ற இரு கோப்புகளாக, ஒரு பிரிவுக்கு 2352 பைட்டையும் அப்படியே எடுக்கும் முறை வேண்டும். இம்ஜ்பர்னில் விசிடியைப் போட்டால் அதுவே இந்த வடிவத்தைத் தேர்ந்துகொள்ளும். பிழைதிருத்தம் குறைவு என்பதால் விசிடிகளுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். சிடியில் தகவல் அடுக்கு பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே, மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய பெயர்கூட அதைக் காயப்படுத்தியிருக்கும்.

எம்பி4 ஆக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம்

தகட்டைக் கொடுத்தால் பென் டிரைவில் எம்பி4 ஆகப் போட்டுத் தரும் கடைகள் உண்டு. வேலை எளிது, வீட்டு டிவியில் உடனே ஓடும். ஐஎஸ்ஓவை டிவியில் செருகினால் ஓடாது என்பது உண்மை. ஆகவே பார்ப்பதற்கென்று ஒரு எம்பி4 நகல் தேவைதான். அது ஒன்றே நகலாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எம்பி4 ஆக மாற்றும்போது படம் மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுகிறது. போன நுணுக்கம் திரும்ப வராது. பெரிய சேதம் நடப்பது அசைவில். அந்தக் காலத்து விழா வீடியோக்களில் ஒரு சட்டம் என்பது ஒற்றை வரிகள் ஒரு நொடித்துணுக்கிலும் இரட்டை வரிகள் அடுத்ததிலும் எடுக்கப்பட்ட இரண்டு அரைப் படங்கள். வினாடிக்கு 25 சட்டம் என்றாலும் அசைவு 50 முறை பதிவாகியிருக்கிறது. மாற்றுபவர் இதைக் கவனிக்காவிட்டால் இரண்டும் ஒட்டி, தேவராட்டம் ஆடுபவரின் கையெல்லாம் சீப்புப் பற்களாகத் தெரியும். கவனித்தும் பாதியை எறிந்துவிட்டால் அசைவு தத்தித் தத்தி ஓடும். ஹேண்ட்பிரேக்கில் இதற்கான வடிகட்டியை ‘பாப்’ என்ற நிலையில் வைத்தால் 50 அசைவும் தனித்தனிச் சட்டமாக வரும். தரத்துக்கான எண்ணை 18-க்கும் 22-க்கும் இடையில் வைக்கலாம். எண் கூடினால் தரம் குறையும் என்பதால் நான் 20-க்கு மேல் போகமாட்டேன். ஒலியை மாற்றாமல் அப்படியே விடும் வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலிக்கும் கெட்டிமேளம், குறைந்த அளவுக்குச் சுருக்கினால் வெறும் இரைச்சலாகிவிடும்.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் “ஐஎஸ்ஓவும் வேண்டும், எம்பி4-ம் வேண்டும்” என்று கேட்டு வாங்குங்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. முழுத் தகட்டின் ஐஎஸ்ஓ அதைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிக்கொண்டு போங்கள்.

உரிமை பற்றியும் கேள்வி வருகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பின்னணியில் போட்ட சினிமாப் பாட்டு உங்களுடையதல்ல. வீட்டில் வைத்துப் பார்ப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. கடையில் வாங்கிய படத் தகட்டில் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைப்பதை, 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. படத்தை இன்னொரு வழியில் பெற முடியும், ஆகவே உங்கள் நேரத்தைக் குடும்பத் தகடுகளுக்கே கொடுங்கள்.

எடுத்த பிறகு

ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதே பெயரில் ஓர் உரைக்கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், ஹார்டு டிஸ்க்கில் ஏதேனும் கெட்டிருந்தால் தெரிந்துவிடும். கோப்புப் பெயரில் ஆண்டு, ஊர், விழா, தகட்டு எண் நான்கும் இருக்கட்டும்: ‘2006 அவனியாபுரம் காதணி விழா தகடு 2’ என்பது போல. இரண்டாவது பிரதி வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

கைக்கேமராவில் எழுதிய 8 சென்டிமீட்டர் சிறு தகடுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பதிவை முடித்துவைக்கும் ‘ஃபைனலைஸ்’ கட்டளையைக் கேமராவில் கொடுக்காமல் விட்டிருந்தால் கணினிக்கு அது வெற்றுத் தகடாகவே தெரியும். அப்படித் தெரிகிறதே என்று யாரும் எறிந்துவிட வேண்டாம். அதே கேமராவில் போட்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். கேமரா வீட்டில் இல்லையென்றால் அதே மாதிரிக் கேமரா வைத்திருப்பவரைத் தேடுங்கள். பழைய கேமராவை எடைக்குப் போடும் எண்ணம் இருந்தால், சிறு தகடுகள் எல்லாம் ஐஎஸ்ஓ ஆகும்வரை அதை நிறுத்திவையுங்கள். தகட்டை உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவுகளில் இவற்றைச் செருகக் கூடாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நடுவில் சிறு வட்டப் பள்ளம் உள்ள தட்டு டிரைவ்தான் வேண்டும்.

வரிசை எப்படி என்று கேட்டால், என் வரிசை இது: முதலில் விசிடிகள், அடுத்து ஸ்டிக்கர் ஒட்டியவை, அதன்பின் வேறு எந்த வீட்டிலும் பிரதி இல்லாதவை. கல்யாணத் தகடுகளை அவற்றுக்குப் பிறகு எடுக்கலாம். கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டில் ஒன்றாவது இருக்கும். காதணி விழாவுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பெரும்பாலும் நம் பீரோவில் உள்ளதைத் தவிர வேறு பிரதி இருக்காது.